ஏர்பிரஷ் இல்லாமல் மாதிரி என்ஜினுக்கு வெதரிங்: கைத்தூரிகை போதுமா?

பச்சைக்கொடி:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 1:76 அளவில் பிரிட்டிஷ் 9எஃப் நீராவி என்ஜின் ஒன்று இருக்கிறது. செய்நேர்த்தியில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனாலும் தண்டவாளத்தில் நிறுத்தினால் பொம்மையாகத்தான் தெரிகிறது. பாய்லர், நிலக்கரியும் நீரும் சுமக்கும் டெண்டர், அடிச்சட்டம் எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே மினுமினுப்பு. நாள் முழுக்கத் தாதுவும் நிலக்கரியும் இழுத்த வண்டி இப்படியா இருந்திருக்கும்?

பெயிண்டைக் காற்றழுத்தத்தில் தெளிக்கும் ஏர்பிரஷும் அதற்கான கம்பிரசரும் வாங்கும் எண்ணம் இல்லை, வைத்துப் புழங்க இடமும் இல்லை. தூரிகை, நிறத்தூள், பஞ்சுக்குச்சி இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு பார்ப்பவர் நம்பும்படி அழுக்கேற்ற, அதாவது வெதரிங் செய்ய, முடியுமா? முடியும் என்றால் எங்கே தொடங்குவது?

வளைவுப்பாதை:

ஓரளவுக்கு முடியும். ஆனால் ஓடும் என்ஜினின் கீழ்ப்பகுதியில் படிகிற புழுதி, மேலே போகப்போக மெலிந்து கண்ணுக்குத் தெரியாமல் மறையும். அந்த மாற்றத்தைத் தூரிகையால் கொண்டுவரப் பார்த்தால் கோடு கோடாகத்தான் விழும். ஏர்பிரஷுக்கு அது சில நிமிட வேலை. ஒரு முறை செலவு செய்தால் காலத்துக்கும் உதவும். யோசித்துப் பாருங்கள்.

கரிப்புகை:

புழுதியைப் பற்றிப் பிறகு பேசலாம். என்ஜின் மேல் இருக்கும் அழுக்கில் புழுதி ஒரு பங்குதான். மீதியெல்லாம் ஓர் இடத்தில் பிறந்து ஒரு திசையில் போகிற அழுக்கு. எங்கிருந்து வந்தது, எந்தப் பக்கம் வழிந்தது என்று தெரிந்துவிட்டால், அதை உரிய இடத்தில் வைப்பதற்குக் கைத்தூரிகையை மிஞ்சிய கருவி கிடையாது.

உங்கள் 9எஃப்பையே பாருங்கள். பாய்லரைச் சுற்றி வெப்பக்காப்பும் அதன் மேல் மெல்லிய தகடும் போர்த்தியிருக்கும். முன்னால் இருக்கும் புகை அறையான ஸ்மோக்பாக்ஸுக்கு அந்தக் காப்பு கிடையாது. அதனால் அங்கே பெயிண்ட் சூட்டில் வெந்து, மினுக்கம் செத்து, சாம்பல் பாய்ந்த கறுப்பாகிவிடும். உள்ளே சேரும் சாம்பலைக் கதவைத் திறந்து வாரும்போது சிந்துவது கதவின் கீழ் விளிம்பிலும் முன்தளத்திலும் தங்கும். பாதுகாப்பு வால்வைச் சுற்றியும், நெருப்பு எரியும் ஃபயர்பாக்ஸின் பக்கவாட்டில் பாய்லரைக் கழுவுவதற்காக வைத்திருக்கும் திருகுமூடிகளுக்குக் கீழேயும் வெள்ளைக் கோடுகள் இறங்கும். கடின நீரில் கரைந்திருந்த உப்புகள் அவை. கசிந்த நீர் ஆவியாகிப் போக, சுண்ணாம்பு மட்டும் தங்கிவிடுகிறது. பிரேக் கட்டைகள் வார்ப்பிரும்பு. அவை சக்கரத்தில் தேய்ந்து பறக்கும் தூள் துருவேறி, அடிச்சட்டம் முழுவதையும் பழுப்பாக்கும். ஆனால் இணைப்புத் தண்டுகளில் துரு வராது. அங்கே எண்ணெய் இருக்கும்; எண்ணெயும் தூசியும் குழைந்த கருமினுக்கம் இருக்கும்.

இப்போது எண்ணிப் பாருங்கள். ஒரே கறுப்பு என்ஜினில் சூட்டில் வெந்த கறுப்பு, எண்ணெய்க் கறுப்பு, கரித்தூள் கறுப்பு, பழுப்பு, சுண்ணாம்பு வெள்ளை என்று எத்தனை இருக்கின்றன! ஏர்பிரஷை மட்டும் நம்பியவர்களின் என்ஜின்களில் பெரும்பாலும் இது எதுவும் இருக்காது. எல்லா வண்டியிலும் இடுப்புக்குக் கீழே ஒரே பழுப்புப் பட்டை ஓடும். கருவியைப் பற்றி முடிவெடுக்கும் முன் நிஜ என்ஜினின் புகைப்படத்தைத் தேடுங்கள். 9எஃப் 1954 முதல் 1960 வரை 251 கட்டப்பட்டன. கடைசியாக ஸ்விண்டன் பணிமனையில் முடிந்த ஈவ்னிங் ஸ்டார் மட்டும் பச்சை, மற்றவை கறுப்பு. பிரிட்டிஷ் ரயில்வேயில் முதன்மைப் பாதைகளில் நீராவி ஓட்டம் 1968இல் நின்றுபோனது. புத்தம் புதிதாக 1958இல் ஓடிய வண்டியும், கைவிடப்போகிற நேரத்தில் 1966இல் ஓடிய வண்டியும் ஒரே என்ஜினாக இருந்தாலும் பார்வைக்கு வேறு வேறு. எந்த ஆண்டைச் செய்யப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

பச்சைக்கொடி:

கரிப்புகை ஐயா, மிக்க நன்றி. சுண்ணாம்புக் கோடுகள் ஏன் வருகின்றன என்பது இப்போதுதான் எனக்கு விளங்கியது. 1965ஐ ஒட்டிய நிலையைச் செய்யலாம் என்று நினைக்கிறேன். படங்களில் பச்சை, நீலம் என்று எதுவுமே இல்லை, எல்லாம் அழுக்கின் நிறம்தான்.

இனி வேலைக்கு வருவோம். எந்தப் பெயிண்ட்? எதற்குப் பின் எது?

செம்மண்தூரிகை:

நான் ஓவியம் வரைவதிலிருந்து இந்தப் பொழுதுபோக்குக்கு வந்தவள். அதனால் எண்ணெய் வண்ணத்தையே பரிந்துரைப்பேன். குழாயில் வரும் சாதாரண ஓவிய வண்ணம் போதும். பர்ன்ட் அம்பர், ரா அம்பர், பர்ன்ட் சியன்னா என்ற பழுப்பு வகைகளும் கறுப்பு, வெள்ளையும் இருந்தால் நீராவி என்ஜின் முழுவதையும் முடித்துவிடலாம். காய்வதற்கு நேரம் எடுக்கும் என்பதைப் பலர் குறையாகச் சொல்வார்கள். கையால் வேலை செய்பவருக்கு அதுவே பெரிய வசதி. பிடிக்கவில்லை என்றால் மறுநாள் காலையில்கூடத் துடைத்துவிட்டு மறுபடியும் தொடங்கலாம்.

முதலில் உடலை, சக்கரமும் மோட்டாரும் உள்ள அடிப்பாகமான சேஸிஸிலிருந்து கழற்றிவிடுங்கள். மோட்டார், பற்சக்கரம், டிகோடர் (ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுச் சில்லு) பக்கம் ஈரமோ தூளோ போகக் கூடாது. கண்ணாடிகள் கழன்று வருமானால் அவற்றையும் எடுத்துவிடுங்கள், மினுக்கமில்லாத மேட் வார்னிஷ் பட்டால் மங்கிவிடும். சோப்பு நீரில் கழுவிக் காயவைத்த பிறகு, அக்ரிலிக் பளபளப்பு வார்னிஷை மெல்லியதாக ஒரு பூச்சு. அழுக்கேற்றப்போகும் வண்டிக்கு ஏன் மினுக்கம் என்று கேட்கலாம். வழவழப்பான பரப்பில்தான் வாஷ் எனப்படும் நீர்த்த வண்ணம் ஓடிப்போய், தகடுகளைப் பிணைக்கும் ரிவெட்டைச் சுற்றியும் தகடுகளின் இணைப்பிலும் தங்கும். சொரசொரப்பான பரப்பில் வைத்த இடத்திலேயே ஊறிக் கறையாகிவிடும். இன்னொரு காரணமும் உண்டு. எண்ணெய் வண்ணத்தைக் கரைக்கும் ஒயிட் ஸ்பிரிட், நன்றாக இறுகிய அக்ரிலிக் வார்னிஷைக் கரைக்காது. ஆகவே அச்சிட்ட எழுத்துகளும் எண்களும் அதற்குக் கீழே பத்திரமாக இருக்கும்.

வாஷ் என்பது பர்ன்ட் அம்பரும் கறுப்பும் கலந்து, மணமற்ற ஒயிட் ஸ்பிரிட்டில் அழுக்குத் தண்ணீர் போல ஆகும்வரை கரைத்தது. மெல்லிய தூரிகையின் நுனியில் எடுத்து ரிவெட் வரிசையின் ஒரு முனையில் தொட்டால் போதும், அது தானே வரிசை நெடுகிலும் ஓடும். முதல் முறை பார்க்கும்போது மனம் அப்படியே நின்றுவிடும். ஒவ்வொரு ரிவெட்டுக்கும் அடியில் ஒரு நூலிழை நிழல் விழுந்து, அதுவரை தட்டையாக இருந்த தகடு சட்டென்று எழுந்து நிற்கும்.

பாய்லர் உருளை என்பதால் வாஷ் அடிவயிற்றுக்கு வழிந்துவிடும். என்ஜினைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, ஒரு பக்கம் காய்ந்த பிறகு மறுபக்கம் செய்யுங்கள்.

வளைவுப்பாதை:

மணமற்றது என்றாலும் ஆவி ஆவிதான். சன்னலைத் திறந்துவைத்து, கையுறை போட்டுக்கொண்டு செய்யச் சொல்லுங்கள்.

செம்மண்தூரிகை:

கட்டாயம். நிறத்தூளைக் கையாளும்போது முகக்கவசமும் வேண்டும்.

நள்ளிரவுச்சரக்கு:

நான் 1:160 அளவில் செய்பவன், அதனால் ஒரு கணக்கை நினைவூட்டுகிறேன். என் என்ஜினில் 1 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு துருக்கோடு இழுத்தால் நிஜத்தில் அது 16 சென்டிமீட்டர் அகலம். உங்கள் 1:76இல் 7.6 சென்டிமீட்டர். ஒரு கழுவுமூடியிலிருந்து உள்ளங்கை அகலத்துக்குச் சுண்ணாம்பு வழியுமா? கோட்டை இழுத்த பிறகு இரு பக்கமும் தின்னர் தொட்ட தூரிகையால் அரித்து அரித்து மெலிதாக்குங்கள். கையால் செய்த வெதரிங் கையால் செய்ததாகவே தெரிவதற்கு முக்கியக் காரணம் இந்த அகலம்தான்.

நிறத்திலும் இதே கவனம் வேண்டும். சுத்தக் கறுப்பும் சுத்த வெள்ளையும் சிறிய பொருளில் பளிச்சென்று துருத்திக்கொண்டு நிற்கும். கறுப்பில் கொஞ்சம் பழுப்பு, வெள்ளையில் கொஞ்சம் சாம்பல் கலந்தே எடுங்கள்.

கரிப்புகை:

அருமையாகச் சொன்னீர்கள். இதோடு ஒன்று சேர்க்கிறேன். எனாமல் பழகியவர்களுக்கு ஹம்ப்ரால் நிறுவனப் பெயிண்டில் 33 எண் மேட் கறுப்பும் 62 எண் மேட் லெதரும் கொஞ்சம் கன்மெட்டலும் (உலோகக் கருஞ்சாம்பல்) கலந்தால் நீராவி என்ஜினுக்கு ஏற்ற அழுக்குக் கறுப்பு கிடைத்துவிடும். முழுதாகக் கலக்காமல், தட்டில் மூன்றையும் பக்கம் பக்கமாக வைத்து, தூரிகையால் அங்கங்கே தொட்டு எடுத்துப் பூசுவேன். பிறகு பூசியதில் பெரும்பகுதியைத் துடைத்தெடுப்பேன். பஞ்சுக்குச்சியைத் தின்னரில் நனைத்து, டிஷ்யூவில் ஒற்றி, மேலிருந்து கீழாக மட்டும் இழுக்க வேண்டும். மழையும் கசிவும் போகிற திசை அது. குறுக்கே ஒரு இழுப்பு இழுத்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். மூலைகளிலும் குழாய்களுக்குப் பின்னாலும் தங்குவதைத் தொடாதீர்கள், நிஜத்தில் துடைப்பவரின் கையும் அங்கே போயிருக்காது.

டீசல்தடம்:

நீராவிக்காரர்கள் மட்டுமே பேசுகிறீர்களே! டீசல், மின்சார என்ஜின் வைத்திருப்பவர்களும் இந்த இழையைப் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன்.

டீசலில் அழுக்கு கூரையில் தொடங்குகிறது. புகைபோக்கியைச் சுற்றி அடர்ந்த கரி, அங்கிருந்து வண்டி ஓடும் திசைக்கு எதிர்ப்புறமாகப் பரவி மெலியும். இரு திசையிலும் ஓடுகிற வண்டி என்றால் இரு பக்கமும் பரவியிருக்கும். இதற்கு நிறத்தூளும் பழைய மேக்கப் தூரிகையும் போதும். எரிபொருள் ஊற்றும் வாய்க்குக் கீழே வழிந்த டீசல், சுற்றியுள்ள புழுதிக்கு நடுவில் ஈரமாக மின்ன வேண்டும். எல்லா வேலையும் முடிந்து மேட் வார்னிஷும் காய்ந்த பிறகு, அந்த ஒரு கோட்டுக்கு மட்டும் பளபளப்பு வார்னிஷில் துளி பழுப்பு கலந்து வையுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் பார்ப்பவர் கண் நேராக அங்கேதான் போகும்.

பக்கவாட்டுச் சுவர்களை இயந்திரத்தில் கழுவிவிடுவார்கள். சுழலும் அந்தத் தூரிகைகள் எட்டாத இடங்கள் உண்டு: கதவின் பள்ளம், கைப்பிடிக்குப் பின்புறம், காற்றோட்டச் சட்டங்களின் இடுக்கு, முன்முகத்தின் மூலைகள். ஆக, சுவர் சுத்தமாகவும் இடுக்கு அழுக்காகவும் இருக்க வேண்டும். இடுக்குகளுக்கு மட்டும் வாஷ் வைத்து, சமதளத்தைத் துடைத்துவிடுவதுதான் வழி. முன்கண்ணாடியில் வைப்பர் துடைக்கும் பிறைவடிவத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தில் மெல்லிய தூசி. இதற்கு அந்த வடிவத்தில் டேப் வெட்டி ஒட்டிக்கொண்டு தூள் தடவலாம்.

மின்சார என்ஜினின் கூரையில் மேல்கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் பாண்டோகிராஃபின் கார்பன் பட்டை தேய்ந்து விழும் கருந்தூள் படியும். ஆனால் பீங்கான் இன்சுலேட்டர்களில் அழுக்கு அப்பிவிடாதீர்கள். அவை அழுக்கானால் மின்சாரம் பாய்ந்துவிடும் என்பதால் துடைத்தே வைத்திருப்பார்கள். கறுத்துப்போன கூரையில் அவை மட்டும் தெளிவாக நிற்பது அழகு.

வளைவுப்பாதை:

இதுவரை சொன்ன எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் என் முதல் கேள்வி அப்படியே இருக்கிறது. பெரிய, வெறுமையான சுவர். வெயிலில் வெளுத்த பெயிண்ட். கீழே மெல்லிய புழுதி. இடுக்கும் இல்லை, ரிவெட்டும் இல்லை. அங்கே கைத்தூரிகை என்ன செய்யும்?

செம்மண்தூரிகை:

நியாயமான கேள்வி. வெளுப்பை எண்ணெய் வண்ணத்தால் கொண்டுவரலாம். சுவரில் வெள்ளை, மஞ்சள், வெளிர்நீலம், பழுப்பு என்று ஊசிமுனை அளவுப் புள்ளிகளை அங்கங்கே வையுங்கள். தட்டைத் தூரிகையை ஒயிட் ஸ்பிரிட்டில் தொட்டு, துணியில் நன்றாகத் துடைத்து, ஈரம் இருக்கிறதா இல்லையா என்ற நிலையில் புள்ளிகளை மேலிருந்து கீழாகக் கரையுங்கள். புள்ளிகள் மறைந்துவிடும். சுவரின் நிறம் மட்டும் இடத்துக்கு இடம் லேசாக மாறி நிற்கும். ஏர்பிரஷால் அடித்த வெளுப்பைவிட இது உயிரோட்டமாக இருக்கும் என்பது என் உறுதியான கருத்து. வண்ணத்தை முன்கூட்டியே அட்டைத்துண்டில் பிதுக்கி வைத்தால் அட்டை எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும், மேட்டாகக் காயும்.

புழுதிக்கு நிறத்தூள். இதற்கு அடியில் மேட் வார்னிஷ் கண்டிப்பாக வேண்டும், வழவழப்பில் தூள் பிடிக்காது. மெத்தென்ற அகலத் தூரிகையால் கீழ் விளிம்பில் தொடங்கி மேல்நோக்கித் தட்டித் தட்டிப் போங்கள். தூரிகையில் தூள் தீரத் தீரத் தடமும் தானே மெலியும். நீங்கள் கேட்ட மாற்றம் அதுதான். சாக்பீஸ் வகை சாஃப்ட் பேஸ்டலைப் பிளேடால் சுரண்டினாலும் தூள் கிடைக்கும். ஆயில் பேஸ்டல் உதவாது.

வளைவுப்பாதை:

வெளுப்பு விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். தூளில் சிக்கல் இருக்கிறது. அதை நிலைநிறுத்த மேட் வார்னிஷ் அடித்த உடனே பாதி காணாமல் போகும், மீதி கருத்துவிடும்.

கரிப்புகை:

நான் தூள் மேல் வார்னிஷ் அடிப்பதே இல்லை. உடலில் தூள் ஏற்றிய பிறகு என்ஜினைச் சேஸிஸைப் பிடித்தே தூக்குகிறேன். கண்காட்சியில் ஓடுகிற வண்டிகூட அப்படியே இருக்கிறது.

டீசல்தடம்:

இதில் நான் உடன்படவில்லை, ஐயா. நான் என்ஜின்களை அடிக்கடி பெட்டியில் வைத்து எடுப்பவன். நுரைப்பஞ்சு உரசினாலே தூள் போய்விடுகிறது, விரல்ரேகையும் விழுகிறது. வார்னிஷில் பாதி மறையும் என்று தெரிந்தே கொஞ்சம் கூடுதலாக ஏற்றி, ஸ்பிரே டப்பாவைத் தள்ளிப் பிடித்துப் பனிபோல ஒரு வீச்சு, காய்ந்த பின் மீண்டும் தூள், மீண்டும் வீச்சு என்று போகிறேன். கடைசி அடுக்கை மட்டும் வெறுமனே விடுகிறேன். ஈரப்பதம் மிகுந்த நாளில் ஸ்பிரே டப்பாவைத் தொடவே கூடாது, வார்னிஷ் வெளுத்துவிடும்.

நள்ளிரவுச்சரக்கு:

அலமாரியில் நிற்கும் வண்டிக்குக் கரிப்புகை ஐயா வழி, கையில் புழங்கும் வண்டிக்கு டீசல்தடம் வழி என்று எடுத்துக்கொள்ளலாம்.

தூள் பற்றி ஓர் எச்சரிக்கை. கறுப்புத் தூள் எல்லாம் ஒன்றல்ல. கார்பன் கறுப்பு காந்தத்தில் ஒட்டாது. கறுப்பு இரும்பு ஆக்சைடு ஒட்டும். மோட்டாரிலும் ஒலி வைத்த என்ஜினின் ஸ்பீக்கரிலும் காந்தம் இருக்கிறது, சிந்திய தூளை அவை இழுத்துக்கொள்ளும். காகிதத்தில் சிட்டிகைத் தூளைக் கொட்டி, அடியில் காந்தத்தை நகர்த்திப் பாருங்கள். தூள் கூடவே நகர்ந்தால் அதைச் சேஸிஸ் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

பச்சைக்கொடி:

காந்தச் சோதனை செய்தேன். என்னிடம் இருந்த இரண்டு கறுப்புகளில் ஒன்று நகர்ந்தது! அதை ஒதுக்கி வைத்துவிட்டேன்.

ஒரு பழைய சரக்குப் பெட்டியில் பழகிவிட்டு, டெண்டரில் கை வைத்திருக்கிறேன். ரிவெட் வரிசையில் வாஷ் ஓடியதைப் பார்த்து வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஆனால் டெண்டரின் சமதளத்தில் வாஷ் காய்ந்த இடத்தில், விளிம்பில் ஒரு வட்டக்கோடு தெரிகிறது. அதை எப்படி எடுப்பது? ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைக்கலாமா?

செம்மண்தூரிகை:

ஆல்கஹால் வேண்டவே வேண்டாம்! அது அக்ரிலிக்கைப் பிடித்துக் கரைக்கும், எழுத்துகளும் போய்விடலாம். டல்கோட் போன்ற மேட் வார்னிஷ் மேல் பட்டால் வெண்படலம் வேறு வந்துவிடும். அப்படி வந்துவிட்டால் அதே வார்னிஷை மறுபடி ஒரு பூச்சு அடியுங்கள், பெரும்பாலும் தெளிந்துவிடும்.

உங்கள் வட்டக்கோட்டுக்கு ஒயிட் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்த தூரிகையால் கோட்டின் வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கி வருடுங்கள். எண்ணெய் வண்ணம்தானே, இன்னும் இளகும். அடுத்த முறை சமதளத்தில் வாஷை ஊற்றாமல், வேண்டிய இடத்தில் மட்டும் வைத்து, காய்வதற்குள் விளிம்பை வெறும் தின்னர்த் தூரிகையால் கரைத்துவிடுங்கள்.

பச்சைக்கொடி:

கோடு போய்விட்டது, நன்றி அக்கா. அடுத்து சக்கரங்கள். பத்துப் பெரிய சக்கரங்கள், இடையில் தண்டுகள். தூரிகை நுழையவே இடமில்லை.

கரிப்புகை:

என்ஜினை நுரைப்பஞ்சுத் தொட்டிலில் தலைகீழாகப் படுக்கவைத்து, கன்ட்ரோலரிலிருந்து இரண்டு கம்பிகளை மின்சாரம் எடுக்கும் சக்கரங்களில் தொட்டு, மிக மெதுவாகச் சுழலவிடுங்கள். மெலிதாகக் கரைத்த பழுப்பைத் தூரிகையில் எடுத்து ஓரிடத்தில் பிடித்தால், ஆரக்கால்கள் தாமே வந்து தொட்டுக்கொண்டு போகும். தண்டுக்குப் பின்னால் பூசாமல் விட்ட இடம் என்று ஒன்று இருக்காது. தண்டவாளத்தில் படும் விளிம்பிலும், மின்சாரம் எடுக்கும் தகடு உரசும் பின்புறத்திலும் பெயிண்ட் படக் கூடாது. பட்டால் உடனே துடையுங்கள், இல்லையென்றால் வண்டி திக்கித் திக்கித்தான் ஓடும். தண்டுகளுக்குப் பழுப்பு வேண்டாம். கறுப்பில் துளி பழுப்பு கலந்த வாஷ், காய்ந்த பின் மூட்டுகளில் மட்டும் பளபளப்பு வார்னிஷ்.

கடைசியாக உலர்தூரிகை. தூரிகையில் எடுத்த பெயிண்டைக் காகிதத்தில் தேய்த்துத் தேய்த்து, இனி எதுவும் வராது என்று தோன்றும்போது படிக்கட்டு விளிம்புகளிலும் தளத்தின் ஓரத்திலும் வருடுங்கள். வெள்ளியைத் தேடாதீர்கள், அடிப்படை நிறத்தைவிட ஒரு படி வெளிறிய மண்நிறம் போதும். ஓட்டுநர் பிடிக்கும் கைப்பிடிக் கம்பியும் கால் வைக்கும் படியும் மற்ற இடங்களைவிடத் தேய்ந்து சுத்தமாக இருக்க வேண்டும்.

வளைவுப்பாதை:

இந்தச் சக்கரச் சுழற்சியை நானும் எடுத்துக்கொள்கிறேன். ஏர்பிரஷில் சக்கரத்தை அடித்தால் விளிம்பைச் சுத்தம் செய்வதற்கே நேரம் போய்விடுகிறது. ஒரே நிறத்தில் பத்து இருபது பெட்டிகளுக்குப் புழுதி ஏற்றுவதற்கு மட்டும் ஏர்பிரஷை வைத்துக்கொள்கிறேன், அதில் என்னை மாற்ற முடியாது.

பச்சைக்கொடி:

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. கேபின் பக்கவாட்டில் இருந்த எண் அழுக்கில் மூழ்கிவிட்டது. நான் பார்க்கும் படங்களில் பல வண்டிகளில் எண் மட்டும் தெரிகிறது, சுற்றிலும் கும்மிருட்டு. அப்படிச் செய்யலாமா?

கரிப்புகை:

தாராளமாக. வண்டியைக் கழுவ ஆளில்லாத காலத்திலும் எண் தெரிந்தாக வேண்டும் என்பதால், அதை மட்டும் எண்ணெய்த் துணியால் துடைத்துவிடுவார்கள். பஞ்சுக்குச்சியைத் தின்னரில் தொட்டு, டிஷ்யூவில் ஒற்றி, எண்ணின் மேல் இடமிருந்து வலமாக ஒரே வீச்சு. இந்த ஓர் இடத்தில் மட்டும் குறுக்கே இழுக்கலாம், மனிதக் கை துடைத்தது அல்லவா! கட்டம் போட்டது போலச் சதுரமாக வேண்டாம். இரு முனையும் ஒழுங்கில்லாமல் இருக்கட்டும், கீழ் விளிம்பில் ஒதுங்கும் அழுக்கை அப்படியே விட்டுவிடுங்கள். துடைத்த இடம் சுற்றுப்புறத்தைவிடச் சற்று மினுங்க வேண்டும், ஆகவே மேட் வார்னிஷ் அடிக்கும்போது அங்கே சின்னதாக டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள்.